இஞ்சின் ஆறுற வரைக்கும்

தொடாத ஆறுக்குட்டி, தொடாதன்னு எனக்கு நானே சொல்லிக்கறேன். ரேடியேட்டர் மூடி இன்னும் கொதிச்சுக்கிட்டுத்தான் கெடக்குது. சாக்கப் போட்டுத் திருகுனாலும் பீச்சியடிச்சிரும், மூஞ்சி வெந்து போயிரும். அரை மணி நேரம் ஆகும், முக்கா மணி நேரங்கூட ஆகும், ஆகட்டும், இந்த ஷெட்டுல எனக்கு என்ன தலை போற சோலி, நிக்கிறது இந்த ஒரு வண்டிதான். இருபத்திரண்டு வருசத்து வண்டி. பிலோமினா டீச்சரோடது. கோத்தகிரியில பள்ளிக்கூடம், சனிக்கெழம ஆனா மேட்டுப்பாளையம் எறங்கி வந்துட்டுப் பொழுது சாயறதுக்குள்ள மலை ஏறிரும் அந்தம்மா. இன்னிக்கு எறங்கி வரும்போதே சூட்டு முள்ளு செவப்பத் தொட்டுருச்சாம். எறக்கத்துலயே இப்படின்னா ஏத்தத்துல என்ன கதி? “போன மாசம் நீங்க பாத்துக் குடுத்ததுல இருந்து தண்ணி கொறஞ்சுக்கிட்டே இருக்குதுங்ணா, தெனம் ஒரு சொம்பு ஊத்தறேன். ஆனா கீழ ஒரு சொட்டு ஒழுகக் காணோம்”னு சொல்லிப்போட்டு சாவியக் கையில குடுத்துச்சு. டீச்சரோட அம்மாவுக்குக் கண்ணுல ஆப்பரேசனாம், இங்கதான் ஆஸ்பத்திரியில, ஒரு மணிக்கு விட்டுருவாங்களாம், பஸ்ஸுல குலுக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாராம், கார்லதான் கூட்டிட்டுப் போகோணுமாம். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு நின்னேன். ஆட்டோ ஏறப் போன அந்தம்மா திரும்பி வந்து ஒண்ணு சொல்லுச்சு பாரு, அதுதான் காலையில இருந்து நெஞ்சுல நிக்குது. “நீங்க ஒரு தடவ மோந்து பாத்து, போலாம்னு ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா போதுங்ணா, நான் பயமில்லாம ஏறிருவேன்.” மோந்து பாத்து. என்ற மூக்கு செத்து எட்டு மாசமாச்சு தாயி. இத எம்பொண்டாட்டி துளசிமணிக்குக்கூட நான் சொல்லல.

சொல்றதுக்கு என்ன இருக்குது, மூக்கு இருக்குது, மூச்சு போகுது வருது, கண்ணாடியில பாத்தா அதே மூக்குதான். வாசம் மட்டும் இல்ல. போன ஆடியில அடிச்ச காச்சல், அஞ்சு நாள் படுத்துக் கெடந்தேன், ஆறாம் நாள் காலையில துளசிமணி காப்பி கொண்டாந்து குடுத்தா. ஏம்புள்ள சுடுதண்ணியக் கொண்டாந்திருக்கறேன்னு கேக்க வாயெடுத்துட்டு உள்ள பாத்தேன், காப்பிதான். ஷெட்டுக்கு வந்து பெட்ரோல் டப்பாவத் தெறந்து மூஞ்சிக்கு நேரா வெச்சேன், ஒண்ணுமில்ல. கழுவுற டீசல், சுட்ட ரப்பரு, மழ பேஞ்ச மண்ணு, ஒண்ணுமில்ல. வந்துரும் வந்துரும்னு பத்து நாள், ஒரு மாசம், கிராம்புத் தைலத்தக் கொண்டாந்து மூக்குத் துளையில விட்டுக் கண்ணுல தண்ணி வந்ததுதான் மிச்சம். நாக்கு இருக்குது, அதச் சொல்லோணும். உப்பு, உறைப்பு, இனிப்பு எல்லாம் தெரியுது. ரேடியேட்டர்ல ஊத்தற குளுத்தித் தண்ணி, கூலன்டு, ஒழுகி ஒரு சொட்டு வெளிய நின்னா, வெரல்ல தொட்டு நாக்கு நுனியில வெச்சுத் துப்பிப்போட்டுச் சொல்லிருவேன், இது மழத்தண்ணி, இது ஏசித் தண்ணி, இது கூலன்டுன்னு. ஆனா ஒழுகாத தண்ணிய எப்படி நக்குறது? இஞ்சினுக்குள்ளயே கசிஞ்சு, டீசலோட சேந்து எரிஞ்சு, சைலன்சர் வழியாப் பொகையாப் போற தண்ணிக்கு மூக்குதான் வேணும். அந்தப் பொகையில ஒரு இனிப்பு வாசம் வரும். துளியூண்டு. எல்லாருக்கும் புடிபடாது. எனக்குப் புடிபடும், புடிபட்டுது. இருபத்தாறு வருசம். மலை ஏறுற வண்டியெல்லாம் இந்த ரோட்டுல நின்னு என்னக் கேட்டுட்டுத்தான் ஏறும். கூலன்டு அழுத்தம் பாக்குற மிசினு வந்துருச்சு, வாங்கிக்கன்னு கோயமுத்தூர் சாமான் கடைக்காரரு எத்தன தடவ சொன்னாரு. எனக்கெதுக்கு மிசினுன்னு நெஞ்ச நிமுத்திக்கிட்டுச் சொன்னேன். அந்த வாய இப்ப எங்க கொண்டு போயி வெக்கறது. பக்கத்துப் பஞ்சர்க் கடை ஜபருல்லா இன்னிக்குங்கூடக் கேட்டான், “என்ன மோப்பக்காரரே, வண்டி எதாச்சும் சொல்லுதா?”ன்னு. “இன்னும் வாயத் தெறக்கல”ன்னேன். சிரிச்சான். நானுஞ் சிரிச்சேன். அவன்கிட்டச் சொன்னா அன்னிக்குச் சாயங்காலமே கல்லாறு வரைக்கும் தெரிஞ்சு போயிரும்.

ஆறுற வரைக்கும் சும்மா உக்காந்திருந்தா மனசு தின்னுரும், பாக்கறதப் பாக்கலாம். டார்ச்ச எடு. மேல் ரப்பர் ஓஸு, சூடா இருக்குது, வெடிப்பில்ல. கீழ் ஓஸு, இல்ல. போன மாசம் நான் முறுக்குன கிளிப்பு அப்படியே இருக்குது, அதச் சுத்தி ஒரு பிசுக்குங்கூட இல்ல. அன்னிக்கும் அது ஒழுகல ஆறுக்குட்டி. ஒழுகாத கிளிப்ப முறுக்குன. அன்னிக்கும் அந்தம்மா பக்கத்துல நின்னுச்சு, நீ சைலன்சர்கிட்ட முட்டி போட்டுக் குனிஞ்சு, கண்ண மூடி, ஆழமா ஒரு மூச்சு இழுத்து, என்ன நடிப்பு, நாடகத்துல சேந்திருந்தாக்கூடப் பொழச்சிருப்ப, “ஒண்ணுமில்லீங்க டீச்சர், சுத்தமா இருக்குது, போலாமுங்க”ன்ன. அந்தம்மா போச்சு. ஒரு மாசம் அந்த மலையில ஏறி எறங்கியிருக்குது, உன்ற வார்த்தைய நம்பி. வாட்டர் பம்ப்புக்கு அடியில கைய விட்டா காஞ்சு கெடக்குது. ரேடியேட்டர் மடிப்புல மஞ்ச மஞ்சளா என்னமோ, ஓ, மஞ்சத்தூளு. மேல எவனோ போட்டுருக்கறான். ஓட்டைய அடைக்கறதுக்கு ரேடியேட்டர்ல மஞ்சத்தூளக் கொட்டுறது, இந்த மலைக்காரனுகளுக்கு எத்தன தடவ சொன்னாலும் புத்தி வராது, ஓட்டைய அடைக்குமோ என்னமோ தண்ணி போற வழிய அடைச்சிரும். அவனத் திட்டறதுக்கு எனக்கு யோக்கியத இருக்குதா? அவனாச்சும் என்னமோ ஒண்ணப் போட்டான். நான் வெறும் வாயிலயே ‘போலாமுங்க’ன்னு அடைச்சு அனுப்பிச்சேன். உள்ள கால் வெக்கிற எடத்துல விரிப்பத் தூக்கிப் பாக்கறேன், ஈரமில்ல. ஆயில் குச்சிய உருவித் தொடச்சுப் பாக்கறேன், கருப்பாத்தான் இருக்குது, பால் கலந்தாப்புல ஆகல. வெளியவும் போகல, ஆயில்லயும் கலக்கல. அப்பறம் மிச்சம் ஒண்ணுதான். இல்லாட்டி ஒண்ணுமேயில்லாம மூடியோட ரப்பரு தேஞ்சு ஆவியாப் போயிருக்கோணும். ரெண்டுல ஒண்ணு. மூடின்னா அஞ்சு நிமிசத்து வேல, புதுசப் போட்டு அனுப்பிரலாம். உள்ளன்னா, இஞ்சின் தலைக்கு அடியில தண்ணி உள்ள கசியாம மறிக்கற தகடு, ஹெட் கேஸ்கட்டு, போயிருக்கோணும், ஹெட்ட எறக்கோணும், வண்டி ரெண்டு நாள் நிக்கும். மூடியாத்தான் இருக்கும்னு சொல்லிக்கத் தோணுது. தோணும், ஏன் தோணாது. அன்னிக்கும் அப்படித்தானே தோணுச்சு.

அன்னிக்கு, ஐப்பசியில, விடிகாலைக்கு மழ. துளசிமணிக்கு நாலு நாளாச் சளி, மூக்கு ரெண்டும் அடைச்சுக்கிட்டு வாயால மூச்சு விட்டுக்கிட்டிருந்தா. நான் முன்னால ரூம்புல உக்காந்து செருப்பு வாரத் தெச்சுக்கிட்டிருந்தேன். அவ சமையக்கட்டுக் கதவுகிட்ட நின்னு கேட்டா. “ஏனுங்க, கேஸு டியூப்பு மாத்தி வருசம் ரெண்டாச்சு. எனக்கு மூக்கு அடைச்சுக் கெடக்குது. வாசம் எதாச்சும் வருதான்னு வந்து பாத்துச் சொல்லுங்க.” நான் எந்திரிச்சுப் போனேன். அடுப்புகிட்ட நின்னேன். மூச்ச இழுத்தேன். அந்த எடத்துல ஒரு நொடி இருந்துச்சு, சத்தியமா இருந்துச்சு, ‘எனக்குத் தெரியாது புள்ள, என்ற மூக்கு வேல செய்யல, சன்னலத் தெற’ன்னு சொல்றதுக்கு. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அவகிட்டச் சொன்னா என்ன போயிருக்கும்? ஒண்ணும் போயிருக்காது. ஆனா அவ தம்பிகிட்டச் சொல்லுவா, தம்பி லாரி ஸ்டாண்டுல சொல்லுவான், மோப்பக்காரன் மூக்கு போயிருச்சுன்னு பேசுவாங்க, அப்பறம் எவன் ஷெட்டுக்கு வண்டியக் கொண்டாருவான். இதெல்லாம் ஒரு நொடியில ஓடிருச்சு மனசுக்குள்ள. “ஒண்ணும் வரல, பத்த வை”ன்னேன். சொல்லிப்போட்டுச் செருப்புகிட்ட வந்து உக்காரக்கூட இல்ல. அந்தச் சத்தம். சத்தம்னுகூடச் சொல்ல முடியாது, ஊட்டுக்குள்ள யாரோ பெரிய போர்வைய உதறுன மாதிரி ஒரு ‘பொப்’பு. அப்பறம் அவ கத்துனது. கை ரெண்டும், கழுத்துல ஒரு பக்கம். ஆஸ்பத்திரியில இருபத்தெட்டு நாள். சோத்துக் கையில ரெண்டு வெரலு இன்னிக்கும் மடங்காது, தோலு இழுத்துக்கிட்டு எண்ணெய்க் காயிதமாட்டம் மினுமினுங்குது. தலைய அவளால பின்னிக்க முடியறதில்ல.

அப்பத்தான் எல்லாரும் கேட்டாங்க. மச்சினன் கேட்டான், தீயணைக்க வந்தவரு கேட்டாரு, ஜபருல்லாவுங் கேட்டான், ஏய்யா, சைலன்சர்ல ஒரு சொட்டுத் தண்ணி எரிஞ்சா மோந்து சொல்ற மனுசன், ஊடு பூராக் கேஸு நெறஞ்சு கெடந்தது உனக்குத் தெரியலையா? அந்தக் கேள்விக்கு ஒலகத்துல ரெண்டே பதிலுதான். ஒண்ணு நெசம். இன்னொண்ணு என் வாயில இருந்து தானா வந்துச்சு. “குடிச்சிருந்தேன்”ன்னேன். ஏழு வருசத்துக்கு முந்தி விட்ட குடி. விட்டப்ப எத்தன பேரு மெச்சுனாங்க. அந்தப் பேரத் தூக்கிச் சாக்கடையில போட்டேன், மூக்குப் பேரக் காப்பாத்திக்கறதுக்கு. என்ன கணக்கு இது? எந்த மடையன் போடுவான் இந்தக் கணக்க? மெக்கானிக்கு குடிகாரனா இருந்தா ஊரு பொறுத்துக்கும், பாதிப் பேரு அப்படித்தான், கைத்தொழிலு சுத்தம்னு சொல்லிக்கிட்டு வண்டியக் கொண்டாருவாங்க. கொண்டாந்தாங்களே. மச்சினன் சட்டையப் புடிச்சு ரெண்டு அறை அறைஞ்சான், வாங்கிக்கிட்டேன், அது எனக்கு ஆறுதலாத்தான் இருந்துச்சு. துளசிமணி ஊட்டுக்கு வந்த பொறகு ஒரு நாள், “மறுபடி எப்ப ஆரம்பிச்சீங்க?”ன்னு மட்டும் கேட்டா. “அன்னிக்கு ஒரு நாளுதான்”ன்னேன். தலைய ஆட்டிக்கிட்டா. அடுத்த அமாவாசைக்குக் கட்டுப்போட்ட கையோட என்னயக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி, குடிக்க மாட்டேன்னு சாமி முன்னால சத்தியம் வாங்கி, பூசாரி கையால கயிறு கட்டி வெச்சா. குடிக்காத குடிக்குக் கயிறு. மணிக்கட்டுல கெடக்குது பாரு, கிரீஸு ஏறிக் கருத்துப் போச்சு. அன்னிக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸுல என் தோள்ல சாஞ்சுக்கிட்டுத் தூங்குனா. அவ என்னயப் பொறுத்துக்கிட்டான்னு தெரிஞ்சுது. அதுல இருந்துதான் எனக்கு ராத்திரித் தூக்கம் போச்சு. அவ திட்டியிருந்தாத் தேவலாம்.

மூடி இப்பக் கை வெக்கிற சூடுதான். சாக்கப் போட்டு அரைத் திருகு, ‘ஸ்ஸ்’னு கொஞ்சமா வருது, இன்னொரு அரைத் திருகு. உள்ள தண்ணி கண்ணுக்கே தெரியல. மூடியத் திருப்பி ரப்பரப் பாக்கறேன், நல்லாத்தான் இருக்குதுன்னு கண்ணு சொல்லுது, பழசுதானேன்னு மனசு சொல்லுது. கூலன்டு ஊத்தறேன், ரெண்டு லிட்டருக்கு மேலயே குடிக்குது. மூடியப் போடாம ஸ்டார்ட் பண்ணி வுட்டுட்டு முன்னால வந்து குனிஞ்சு பாக்கறேன். கேஸ்கட்டு போயிருந்தாக் குமிழி வரும். வருது. ஒண்ணு. நிக்குது. இன்னொண்ணு. ஊத்தும்போது உள்ள தங்குன காத்தும் இப்படித்தான் வரும், கொஞ்ச நேரத்துல நின்னுரும். நின்னுருச்சா? நிக்கல. மறுபடி ஒண்ணு. அட கெரகமே, ஒண்ணா நிறுத்து, இல்லாட்டி சோறு கொதிக்கிற மாதிரி வா, இப்படி இழுத்துக்கிட்டுக் கெடந்தா நான் என்னத்தன்னு சொல்றது. பின்னால போயிப் பொகையப் பாக்கறேன். லேசா வெள்ள. இந்த வெயில்ல வெள்ளப் பொக வரக் கூடாது. பழைய வண்டி, ஸ்டார்ட் பண்ணுன ஒடனே வரத்தான் செய்யும். எல்லாத்துக்கும் ரெண்டு பதிலு இருக்குது. முட்டி போட்டேன். கண்ண மூடுனேன். பழக்கம் போகுதா பாரு. மூச்ச இழுத்தேன். சூடு வருது, கண்ணு எரியுது, தொண்ட கமறுது, அவ்வளவுதான், செவுத்துல மூஞ்சிய வெச்ச மாதிரி. மூடிய மாத்திப்போட்டு அனுப்பிச்சா? பாதி மலையில, கொண்டையூசி வளைவுல, மேல் பக்கம் மூக்கத் தூக்கி நிக்கும்போது தண்ணி வத்தி இஞ்சின் புடிச்சு நின்னு போனா? இஞ்சின் நின்னா பிரேக்கு கல்லாட்டம் ஆயிரும், ஏறி நின்னு மிதிக்கோணும், அந்தம்மாவுக்கு அந்த பலம் ஏது. வண்டி பின்னால நகரும். பின்னால லாரி இருக்கும், இல்லாட்டி ஒண்ணுமே இருக்காது, பள்ளந்தான். உள்ள கண்ணக் கட்டிக்கிட்டு ஒரு கெழவி. என்ன நடக்குதுன்னு பாக்கக்கூட முடியாது அவங்களால. ‘ஒண்ணும் வரல, பத்த வை’ன்னு சொன்ன வாயி, ‘ஒண்ணுமில்ல, ஏறுங்க’ன்னு சொல்லோணும். இன்னொரு தடவ சொல்லுமா இந்த வாயி? சொல்லும். அதுதான் பயமா இருக்குது. சொல்லத் தயாராத்தான் இருக்குது அது, உள்ள எச்சில் ஊறிக்கிட்டு.

ஷெட்டுக் கேட்டு தெறக்கற சத்தம். பன்னெண்டரை ஆயிருச்சா? துளசிமணி வர்றா, சோத்துக் கேரியர முழங்கையில மாட்டிக்கிட்டு. வெரல்ல புடிக்க முடியாதுல்ல, அதனால முழங்கையிலதான் மாட்டிக்குவா. நான் முட்டி போட்டுக் கெடக்கறதப் பாத்துட்டு தூரமாவே நின்னுட்டா, நான் மோந்து பாக்கும்போது கிட்ட வந்து கலைக்கக் கூடாதுன்னு அவளுக்கு எப்பவுமே ஒரு மரியாத.

“துளசி, சித்த இங்க வா.”

“சோத்த உள்ள வெச்சுட்டு வர்றனுங்க.”

“அப்படியே வா. இங்க உக்காந்து இந்தப் பொகையில என்ன வாசம் வருதுன்னு சொல்லு.”

“நானுங்களா?” சிரிச்சா. வெக்கப்பட்டா. “எனக்கு என்னங்க தெரியும், நீங்க பாத்தாச்சில்ல?”

“நீ சொல்லு.”

சேலையக் காலுக்கு நடுவுல சொருகிக்கிட்டு உக்காந்தா. கண்ண மூடுனா, என்னய மாதிரியே. மூஞ்சிய முன்னால நீட்டி மோந்தா, பின்னால இழுத்துக்கிட்டா, மறுபடி மோந்தா. நான் அவ கழுத்துல இருக்கற தழும்பப் பாத்துக்கிட்டிருந்தேன்.

“டீசல் பொகதானுங்க. ஆனா அதுக்குள்ள என்னமோ இனிப்பா வருது. வெல்லப்பாகு அடிப்புடிச்சா வருமே, அது மாதிரி. நல்லாவே வருதுங்க.”

கேஸ்கட்டு. ஹெட் கேஸ்கட்டேதான், சந்தேகமே வேண்டாம். வண்டி இன்னிக்கு ஏறாது. டீச்சருக்கும் அம்மாவுக்கும் ஒரு டாக்ஸி பேசி மெதுவா ஓட்டச் சொல்லி ஏத்திவிடலாம், நான் ஹெட்ட எறக்கி, மட்டம் வெச்சுப் பாத்து, வளஞ்சிருந்தாக் கோயமுத்தூருக்கு அனுப்பி மட்டமா இழைச்சு வாங்கி, புதுக் கேஸ்கட்டப் போட்டு, அந்த மஞ்சத்தூளயெல்லாம் கழுவி வெளிய தள்ளி, செவ்வாக்கெழம குடுத்துரலாம். மனசு ஒரு நிமிசம் லேசாச்சு. எந்திரிச்சுப் போயி சாவியத் திருகி இஞ்சின நிறுத்துனேன். ரோட்டுல ஒரு வண்டி சத்தங்கூட இல்ல அந்நேரம் பாத்து.

“ஏனுங்க, இவ்வளவு வருது, உங்களுக்கு வரலீங்களா?”

வருது, நீ சரியாச் சொல்றயான்னு பாத்தேன்னு சொல்லிரலாம். சிரிச்சுக்கிட்டே போயிருவா. சோத்தப் போட்டு வெப்பா. நான் சாப்புடுவேன்.

“வரல. எனக்கு எந்த வாசமும் வர்றதில்ல புள்ள. அந்தக் காச்சல்ல போச்சு. யாருகிட்டயுஞ் சொல்லல.”

“எந்தக் காச்சல்ல?”

“ஆடியில வந்துச்சே.”

“ஆடியில.” அவ இன்னும் எந்திரிக்கல, சைலன்சர் பக்கத்துலயே உக்காந்திருந்தா. “எனக்குத் தீப்புடிச்சது ஐப்பசி.”

“ஆமா.”

“அப்ப அன்னிக்கு நீங்க குடிக்கலீங்களா?”

“குடிக்கல துளசி. ஏழு வருசமா ஒரு சொட்டுத் தொடல. சாமி சத்தியமா.” சொல்லும்போது என் கொரலு எனக்கே கேட்டுச்சு, கெஞ்சற கொரலு, எங்கயோ பரிசு வாங்கப் போறவன் கொரலு. இத்தன மாசமா இந்த ஒரு நெசத்தப் பத்திரமா வெச்சிருந்தேன் போலிருக்குது, என்னிக்காச்சும் ஒரு நாள் எடுத்துக் குடுத்தா அவ மனசு குளுந்திரும்னு. எம்புருசன் குடிக்கலைன்னு. அதுக்காக அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்னேன்.

அவ முழங்கையில இருந்த கேரியரக் கீழ வெச்சா. எந்திரிக்கறதுக்குக் கை குடுக்கப் போனேன், வேண்டாம்னு தானே வண்டியப் புடிச்சு எந்திரிச்சா.

“குடிச்சுப்போட்டு ஒளறிட்டீங்க, நெனவில்லாம சொல்லிட்டீங்கன்னு நெனச்சுத்தான் நான் பொறுத்துக்கிட்டேன்”ன்னா. “தெளிவா நின்னுக்கிட்டா என்னயப் பத்த வைக்கச் சொன்னீங்க?”